இரண்டரை மணிக்கு அசைந்த கால்

ஆஸ்பத்திரியில் அவருக்கு 'அஞ்சு நிமிஷம்' என்று பெயர். வருகைப் பதிவேட்டில் வேறொரு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று அவரே சுற்றுமுற்றும் பார்ப்பார்.

ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து டெக்னீஷியன் அவர். கால் ஆபரேஷனுக்கு வருகிறவர்களைப் பெரும்பாலும் முழுசாகத் தூங்க வைப்பதில்லை. முதுகில் ஒரு ஊசி போட்டால் இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும். ஆள் விழித்தபடி படுத்திருப்பார். ஊசி போட்டு முடித்ததும் நம் ஆள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வார். அதிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நோயாளியின் பக்கத்தில் போய் நிற்பார். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை முதலில் தோளில் வைப்பார், பிறகு தொடையில் வைப்பார். "ரெண்டும் ஒரே மாதிரி சில்லுனு இருக்கா?" என்பார். அப்புறம், "காலைத் தூக்குங்க, பார்ப்போம்."

தூக்க வராது. அந்த இடத்தில்தான் எல்லோரும் வெலவெலத்துப் போவார்கள். "சார், என் காலையே காணோம் சார்!" என்று ஒரு போலீஸ்காரர் அழுதே விட்டார்.

"எங்கயும் போகல. எங்ககிட்டதான் இருக்கு. சாயங்காலம் திருப்பித் தந்துடறோம்" என்று சொல்லிச் சிரிக்க வைப்பார். அவர் பேச்சு கொடுத்தாலே பாதி பயம் போய்விடும் என்று சர்ஜன்களே சொல்வார்கள். வீட்டில் அவர் மனைவி மட்டும் அந்தப் பட்டப்பெயரைக் கேட்டால் முகத்தைச் சுளிப்பார். "அஞ்சு நிமிஷமாம்! கடைக்குப் போயிட்டு அஞ்சு நிமிஷத்துல வரேன்னு போனா ஒன்றரை மணி நேரம். அங்க போய் யாரை ஏமாத்தறாரோ." வேடிக்கையாகத்தான் சொல்வார்.

அவருக்கு நாற்பத்தைந்து வயதானபோது மயக்க மருந்து டாக்டரம்மா ஓர் ஆராய்ச்சி ஆரம்பித்தார். கால் ஆபரேஷனுக்கு முதுகில் போடுகிற மருந்து இரண்டு வகை இருந்தது. ஒன்று நெடுநாளாகப் புழக்கத்தில் இருந்த பியூபிவக்கெய்ன். காலை நன்றாகக் கட்டிப்போடும், ஆனால் விடுவதற்கு நேரமாகும். இன்னொன்று ரோபிவக்கெய்ன். வலி தெரியாது, அதே சமயம் கால் சீக்கிரம் ஆளுக்குத் திரும்பிவிடும் என்று சொல்லிக்கொண்டார்கள். நம் நோயாளிகளுக்கு எது நல்லது என்று நாமே பார்த்து எழுதிவிடுவோம் என்றார் டாக்டரம்மா. மொத்தம் நூறு பேர். யாருக்கு எந்த மருந்து என்பது ஒட்டிய உறைக்குள் இருக்கும். தனியாக ஒரு நர்ஸ் உறையைப் பிரித்து, மருந்தை ஊசியில் ஏற்றி, வெறும் எண்ணை மட்டும் ஒட்டிக் கொடுப்பார். ஊசி போடுகிற டாக்டரம்மாவுக்கும் தெரியாது, கால் பார்க்கிற அஞ்சு நிமிஷத்துக்கும் தெரியாது. தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாயும் என்பதால் அப்படி ஓர் ஏற்பாடு.

எப்போது மரத்தது, எப்போது பாதம் அசைந்தது, எப்போது முட்டி மடங்கியது, எப்போது கால் முழுசாக எழும்பியது என்று ஒரு தாளில் நேரம் போட்டு எழுத வேண்டும். ஆபரேஷன் முடிந்தபின், தியேட்டரை ஒட்டிய மீட்பு அறையில் கால் மணிக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். தாளின் அடியில் டாக்டரம்மா ஒரு வரி அச்சடித்திருந்தார்: ஊசி போட்டு நான்கு மணி நேரம் ஆகியும் கால் அசையாவிட்டால் என்னை உடனே கூப்பிடவும்.

முதல் முப்பது நாற்பது பேர் வரைக்கும் அவரைக் குறை சொல்ல முடியாது. சோற்றில் கை வைத்தவர் நேரமாகிவிட்டதென்று கையை உதறிவிட்டு ஓடியிருக்கிறார். அதற்கப்புறம்தான் கெட்டிக்காரத்தனம் வந்து சேர்ந்தது. எண் ஒட்டிய ஊசிக்குள் எந்த மருந்து இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஆரம்பித்தார். கால் மரத்துப்போகிற வேகத்தைப் பார்த்து, "இது சீக்கிரம் விடற மருந்து. ரெண்டு மணிக்குள்ள எழுந்து உட்கார்ந்துடுவார் பாருங்க" என்று நர்ஸ்களிடம் சொல்வார். பல தடவை அவர் சொன்னபடியே நடந்தது. நர்ஸ்கள் வாயைப் பிளந்தார்கள். உறையைப் பிரிக்காமலே உள்ளே இருப்பதைச் சொல்கிற ஆள் என்று பேராகிவிட்டது. கண்ணைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டிய வேலையில் கட்டை விலக்கிப் பார்த்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். உண்மையில் அவர் எதையும் பார்க்கவில்லை, ஊகித்துக்கொண்டிருந்தார். பலிக்காத ஊகங்களை அவரும் மறந்தார், மற்றவர்களும் மறந்தார்கள்.

எழுபத்து மூன்றாவது ஆள் ஒரு தையல்காரர். ஐம்பது வயது, ஒல்லி. இடது முழங்காலுக்குக் கீழே எப்போதோ வைத்த தகடை எடுக்க வந்திருந்தார். காலை பத்தரைக்கு ஊசி. படுத்த இடத்திலிருந்தே நம் ஆளின் பேண்டைப் பார்த்து, "சார், இடுப்புல ஒரு பக்கம் இழுக்குது. வெட்டினவன் அவசரத்துல வெட்டியிருக்கான்" என்றார். அவருக்குத் தையல்காரரை உடனே பிடித்துப்போயிற்று. ஸ்பிரிட் பஞ்சை வைத்தார், காலைத் தூக்கச் சொன்னார், காணாமல் போன கால் சாயங்காலம் வந்துவிடும் என்றார். மரத்த வேகத்தைப் பார்த்து, சீக்கிரம் விடுகிற மருந்துதான் என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டார்.

அன்றைக்கு மதியம் இரண்டு மணிக்குத் தலைமை நர்ஸுக்குப் பிரிவு விழா. முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெறுகிறவர். விழா என்றால் பேசுவதற்கு நம் அஞ்சு நிமிஷத்தைத்தான் கூப்பிடுவார்கள். சர்ஜன்கள் மாதிரி பேசிக் காட்டுவார், கால் தூக்க மாட்டாத நோயாளிகள் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். ஒன்றே முக்காலுக்கே ஆள் அனுப்பிவிட்டார்கள். மீட்பு அறையில் தையல்காரர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். எழுப்புவானேன் என்று இருந்தது. தாளை எடுத்தார். இரண்டு மணி: பாதம் அசைகிறது. இரண்டேகால்: முட்டி மடங்குகிறது. இரண்டரை: இரு கால்களும் முழுமையாக எழும்புகின்றன. இன்னும் வராத மூன்று நேரங்களையும் வரிசையாக எழுதி, கையெழுத்துப் போட்டு, தாளைக் கட்டில் தலைமாட்டில் மாட்டிவிட்டுப் போனார். எப்படியும் அப்படித்தான் நடக்கப்போகிறது என்பதில் அவருக்குத் துளிக்கூட சந்தேகம் இருக்கவில்லை.

விழாவில் அவர் பேச்சுக்கு வயிறு வலிக்கச் சிரித்தார்கள். தலைமை நர்ஸ் சிரித்துச் சிரித்தே அழுதார்.

மூன்றேகாலுக்குத் திரும்பி வந்தால் கட்டில் காலியாக இருந்தது. இரண்டு காலையும் தூக்குகிறவரைத்தான் வார்டுக்கு அனுப்பலாம் என்பது மீட்பு அறை விதி. தாள் தூக்குகிறார் என்று சொன்னது, அனுப்பிவிட்டார்கள். மாடி ஏறி ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாமா என்று அவருக்குத் தோன்றாமல் இல்லை. லிஃப்ட் முன்னால் கூட்டமாக இருந்தது. நாளைக்குக் காலையில் முதல் வேலையாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். அந்த மாடிப்படி மொத்தம் நாற்பத்திரண்டு படி. பிற்பாடு எத்தனையோ தடவை ஏறி எண்ணியிருக்கிறார்.

மாடியில் தையல்காரர் ஐந்து மணிக்கு நர்ஸைக் கூப்பிட்டு, "சிஸ்டர், காலு இன்னும் வரலையே. முதுகு வேற வலிக்குது" என்றார். அந்தப் பெண் தாளைப் பார்த்தார். "ரெண்டரைக்கே வந்துடுச்சே, நீங்களே தூக்கிக் காட்டியிருக்கீங்க. மருந்து அசதி. தூங்குங்க, சரியாயிடும்" என்றார். அவர் மேல் தப்பில்லை. தாளில் இருந்ததை நம்பினார். ஏழு மணிக்கு ரவுண்ட்ஸ் வந்த சர்ஜன் போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டுக் கூச்சல் போட்டார். முதுகுத்தண்டை ஒட்டி ரத்தம் கட்டி நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கில் ஒருவருக்கு வருவது. எப்படி வந்தது என்று யாருக்கும் திட்டமாகத் தெரியவில்லை. எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோமோ அவ்வளவுக்குக் கால் திரும்பும் என்பது மட்டும் தெரியும். எடுத்து முடிக்கும்போது ஊசி போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. தகடு எடுத்த இடது கால் மெல்ல மெல்லத் தேறி வந்தது. ஒரு பாவமும் அறியாத வலது பாதம் தொங்கியது தொங்கியபடியே நின்றுவிட்டது.

மறுநாள் காலையில் செய்தி கேட்டு அவர் கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரும் கேட்பதற்கு முன்னால் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுந்து வந்தார். அதற்குள் விசாரணை தொடங்கியிருந்தது, சொல்லாமலே நின்றுவிட்டார். மருத்துவர்கள் தாளை வைத்துக்கொண்டு பேசினார்கள்: இரண்டரைக்குக் கால் வந்திருக்கிறது, ஆகவே ரத்தம் கட்டியது அதற்கப்புறம். வார்டுக்குப் போனபின் ஏதாவது நடந்திருக்குமோ? சொல்லாமல் எழுந்து நடக்கப் பார்த்து, எசகுபிசகாகத் திருகிக்கொண்டிருப்பாரோ? யாரோ ஓர் இளம் டாக்டர் இதைத் தையல்காரரின் மனைவியிடமும் சொல்லி வைத்தார்.

எட்டு மாதம் கழித்து நூறு பேரும் முடிந்து, டாக்டரம்மா உறைகளின் பட்டியலைத் திறந்தார். நம் ஆளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"உட்காருங்க. இந்த எழுபத்து மூணாம் நம்பர். இவருக்குப் போனது பியூபிவக்கெய்ன். மத்த நாப்பத்தொன்பது பேருக்கும் கால் முழுசா வர அஞ்சு மணி நேரம் கிட்ட ஆகியிருக்கு. சில பேருக்கு அதுக்கும் மேல. இவர் ஒருத்தர்தான் நாலு மணி நேரத்துல, ரெண்டரைக்கே தூக்கியிருக்காரு. அதோட பாதம், முட்டி, கால்னு கணக்கா கால் மணிக்கு ஒண்ணு வந்திருக்கு. இவ்வளவு ஒழுங்கா யாருக்கும் வரலையே." கண்ணாடியைக் கழற்றினார். "பார்த்துதானே எழுதினீங்க?"

தன் ஊகமும் தப்பு என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. டாக்டரம்மா அவசரப்படுத்தவில்லை, பேனாவைக்கூட மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தார். ஒரு மனிதனுக்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் யார் கொடுப்பார்கள்?

"ஆமா மேடம். பார்த்துதான் எழுதினேன்."

"சரி. நீங்க சொன்னா எனக்கு மறுபேச்சே இல்ல" என்று அவர் அடுத்த தாளுக்குப் போய்விட்டார்.

கட்டுரை அச்சாயிற்று. கால் சீக்கிரம் திரும்புவதில் ரோபிவக்கெய்ன் மேல் என்று முடிவு. அது சரியான முடிவுதான். நூறு பேரில் ஒருவருடைய பொய் நேரம் சராசரியை இம்மியும் அசைக்கவில்லை. அதைச் சொல்லியே அவர் தன்னைத் தேற்றிப் பார்த்தார். சராசரிக்கு ஒன்றும் ஆகவில்லை, தையல்காரர்தான் நொண்டிக்கொண்டு போனார் என்று மனசு திருப்பிச் சொல்லும். டாக்டரம்மா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். நம் ஆள் விழாக்களில் பேசுவதை விட்டுவிட்டார். கேட்டால் தொண்டை சரியில்லை என்றார். அதற்குப் பிறகு கால் பார்க்காமல் ஒரு நேரமும் எழுதியதில்லை. அது யாருக்கும் தெரியாது. தெரிந்து பாராட்டினாலும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்துத் தையல்காரரின் கடையைத் தேடிக்கொண்டு போனார். சொல்லத்தான் போனார். வீட்டின் முன்னறைதான் கடை. பெடல் மெஷினை ஓரம் கட்டிவிட்டு, மோட்டார் வைத்த மெஷினை இடது காலால் ஓட்டிக்கொண்டிருந்தார் தையல்காரர். வலது பாதம் விழாமல் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் பட்டை. பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"சார்! வாங்க வாங்க. ஏய், யாரு வந்திருக்காங்க பாரு! அன்னைக்கு ஆஸ்பத்திரியில அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்து வந்து பார்த்தாரே, அந்த சார்!"

என்ன வேலையாக வந்தீர்கள் என்று கேட்டதும், பேண்ட் தைக்க வந்தேன் என்று சொல்லிவிட்டார். அப்படி ஆரம்பித்ததுதான். ஏழு வருடத்தில் பதினாறு பேண்ட். பீரோவைத் திறந்தால் மேலே விழுகிறது. "உங்களுக்கு இருக்கறது ரெண்டு கால்தானே? பூரானா நீங்க?" என்று மனைவி கேட்டார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவரும் சிரித்து வைத்தார்.

கடைக்குப் போகும்போதெல்லாம் அந்த வீட்டின் ஒரு வழக்கம் அவர் காதில் விழும். தையல்காரர் எழுந்து நடந்து எதிலாவது தடுக்கினால், உள்ளே பட்டன் தைத்துக்கொண்டிருக்கும் மனைவி குரல் கொடுப்பார். "எழுந்திரிக்காதீங்கன்னு சொன்னா கேக்கணும். படுத்த இடத்துல அரை நாள் படுத்திருக்க முடியல உங்களுக்கு. டாக்டரே சொன்னாரு." தையல்காரர் முதலில் எல்லாம், "நான் எழுந்திரிக்கவே இல்ல. கால் அசையவே இல்லங்கிறேன்!" என்று பதிலுக்குக் கத்துவார். "அப்ப பேப்பர்ல எழுதினது பொய்யா?" என்று வரும். அதோடு பேச்சு நின்றுவிடும். அப்போதெல்லாம் நம் ஆள் துணியின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பதினாறாவது பேண்டை வாங்கப் போன அன்று மாலை, தையல்காரர் நல்ல கலகலப்பாக இருந்தார்.

"நேத்து பேரன் கேக்கறான் சார், உன் கால் ஏன் தாத்தா இப்படின்னு. தாத்தா ஆஸ்பத்திரியில சொன்ன பேச்சு கேக்காம எழுந்திரிச்சு ஓடினேன்டா, அதான் கடவுள் காலைப் புடிச்சு வச்சுக்கிட்டாருன்னு சொன்னேன். அதுலேர்ந்து அவங்க அம்மா சொன்னா உடனே கேக்கறான்."

"நீங்க எழுந்திரிக்கவே இல்லன்னுதானே சொல்வீங்க மாஸ்டர்?"

"சொன்னேன். எத்தனை வருஷம் சொல்றது?" கத்தரிக்கோலை மெஷின் மேல் வைத்தார். "நானும் யோசிச்சுப் பார்த்துட்டேன் சார். எழுதினது நீங்க. உங்களை மாதிரி ஒருத்தர் பார்க்காம எழுதுவாரா? அப்ப கால் அசைஞ்சிருக்கு. எனக்குத்தான் புத்தி தடுமாறியிருக்கு. எழுந்துதான் இருப்பேன். அவ சொல்றதுதான் சரி."

இத்தனை வருடமும் அந்த மனிதர் ஒருவராவது உண்மையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்பது அவருக்கு உள்ளூர ஒரு தைரியமாக இருந்திருக்கிறது. அது இப்போதுதான் புரிந்தது. அதையும் பறித்தாகிவிட்டது.

"மாஸ்டர், நீங்க எழுந்திரிக்கல."

"என்ன சார்?"

"அந்தத் தாளை நான் பார்க்காம எழுதினேன். ஒன்னே முக்காலுக்கே மூணு வரியும் எழுதி மாட்டிட்டு, ஒரு விழாவுக்குப் போயிட்டேன். ரெண்டு மணிக்கு நான் உங்ககிட்ட வரல. ரெண்டேகாலுக்கும் வரல, ரெண்டரைக்கும் வரல. உங்க கால் அசைஞ்சதை யாருமே பார்க்கல."

அடிக்க வந்தால் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றார் அவர். தையல்காரர் அவரைப் பார்க்கவே இல்லை. திரைச்சீலைப் பக்கம் திரும்பி, "ஏய், இங்க வா. கையில இருக்கறதைப் போட்டுட்டு வா" என்று கூப்பிட்டார். மனைவி ஊசியோடு வந்து நின்றார். "சார், இப்ப சொன்னீங்களே, அதை அப்படியே இவகிட்ட சொல்லுங்க."

இரண்டாவது தடவை சொல்வது முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது. சொல்லி முடித்ததும் தையல்காரர், "கேட்டியா? நான் எழுந்திரிக்கல. கேட்டுக்கிட்டியா?" என்றார். முகத்தில் கோபமே இல்லை. பரீட்சையில் தேறிய பிள்ளை மாதிரி ஒரு சந்தோஷம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவரால் முடியவில்லை.

மனைவிதான் கேட்டார். "பார்த்திருந்தா?"

"ரெண்டரைக்கு டாக்டரம்மாவைக் கூப்பிட்டிருப்பேன். சாயங்காலம் ஆறு மணிக்குள்ள ரத்தக்கட்டியை எடுத்திருப்பாங்க. கால் முழுசா வந்திருக்கும்னு சத்தியம் பண்ண முடியாதும்மா. ஆனா வர நிறைய வாய்ப்பு இருந்தது."

அந்த அம்மாள் திட்டுவார் என்று எதிர்பார்த்தார். திட்டவில்லை. அப்படியே தரையில், துணி வெட்டுகள் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

தையல்காரர் அளவு எழுதுகிற நோட்டைத் திறந்து ஒரு வெற்றுப் பக்கத்தை அவர் பக்கம் நகர்த்தினார். "வாயால சொன்னது போதாது சார். பேப்பர்ல இருந்ததைத்தானே எல்லாரும் நம்பினாங்க? பேப்பர்லயே எழுதுங்க."

எழுதிக் கொடுத்தால் அது எங்கெல்லாம் போகும் என்று அவருக்குத் தெரியும். ஓய்வு பெற இன்னும் நான்கு வருடம் இருந்தது. நின்றபடியே எழுதினார். தேதி, தாளின் எண், மூன்று நேரங்கள், மூன்றுக்கும் நேரே 'பார்க்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். டாக்டரம்மாவுக்கும் இதையே எழுதி அனுப்பிவிடுவதாகச் சொன்னார். தையல்காரர் தலையாட்டினார். நோட்டை மனைவியின் மடியில் வைத்தார். அவர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார்.

"துணியை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க சார்" என்றார் அந்த அம்மாள், நிமிராமலே. "இனிமே இங்க வராதீங்க."

அவர் பேண்டை எடுத்துக்கொள்ளவில்லை. வாசலில் செருப்பைத் தேடிக் கால் நுழைக்கும்போது உள்ளே அந்த அம்மாளின் குரல் கேட்டது. ஏழு வருடமாக அவர் கேட்டுப் பழகிய குரலாக அது இல்லை.

"பிள்ளைங்க முன்னாடி எல்லாம் திட்டினேனே. ஒரு தடவையாவது உங்க பேச்சை நம்பியிருக்கணும்ல?"

"விடு."

"இல்ல, சொல்லுங்க. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு மொதல்லேர்ந்து சொல்லுங்க. வார்டுக்குக் கொண்டுவந்து படுக்க வச்சாங்க. அப்புறம்?"

தையல்காரர் சொல்ல ஆரம்பித்தார். ஜன்னல் பக்கத்துக் கட்டில், முதுகு வலி, கூப்பிட்ட நர்ஸ் என்று ஒவ்வொன்றாக வந்தது. நடுநடுவே அந்த அம்மாள் "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.